தையல் விடவில்லை, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் ஒரு மாதமாகிறது. இந்தக் கிருத்திகைக்கும் திருத்தணி மலைக்கு வந்த காவடிக்காரர்கள் நீ சமைத்த சத்திரத்தில்தான் சாப்பிட்டார்கள். புதுச் சமையல்காரர் படையலுக்கு முன்பே பொங்கலை வாயில் போட்டுப் பார்க்கிறாராம். அப்படியும் உப்பு கரிக்கிறது. நீ இருந்திருந்தால் கரண்டியைப் பிடுங்கியிருப்பாய்.

உன் கல்லீரல் கெட்டுப்போனபோது, என்னுடையதில் பாதியைத் தருகிறேன் என்றேன். ஊரில் யாருமே கேள்விப்படாத ஆபரேஷன். "கல்யாணம் ஆவாத பொண்ணு. வயித்துல தழும்போட யாரு கட்டுவான்? நான் போறேன், வுடு" என்று சென்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம்.

டாக்டர் பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். என் கல்லீரல் துண்டிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்கள் குட்டையாக நிற்கும். உன் காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து, நடுவில் வைத்துத் தைத்து நீட்டவேண்டும் என்றார்.

"தச்சது சரின்னு எப்டிங்க தெரியும்?" என்று கேட்டாய்.

"குழாயை அடைச்சுப் பிடிச்சிருக்கிற இடுக்கியை எடுத்து ரத்தத்தை விட்டாதான் தெரியும். அதுவரைக்கும் கைப்பழக்கம்தான்."

நீ எழுந்து உட்கார்ந்தாய். "ஆங், நானும் முப்பது வருசமா ருசி பாக்காமதாங்க உப்பு போட்டுகினு இருக்கேன். சாமிக்கு வெச்சப்புறம்தான் தெரியும். செய்ங்க."

மகள் கெஞ்சியதற்கு இறங்காத மனசு உப்புக்கு இறங்கிவிட்டது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிழைத்து வந்ததும், "என் காலு வயித்துக்குள்ள பூந்துக்கிச்சு, இனிமே துன்றதெல்லாம் மலையேறும்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாய். அந்தத் தையல் எட்டு வருடம் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. போன மாதம் நின்றது உன் நெஞ்சுதான்.

உன்னிடம் சொல்ல வெட்கப்பட்ட ஒன்று. தழும்பைப் பார்த்த உன் மாப்பிள்ளை, "ரொம்ப நீளமா கீதே" என்றார். அவ்வளவுதான். இதற்கா அத்தனை பிடிவாதம் பிடித்தாய்?

உன்னைத் தூக்கிப்போனபோது, "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாதும்மா" என்று சித்தப்பா என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். தனியாகப் போகிறாயே என்றுதான் அப்படி அழுதேன். வீட்டுக்கு வந்து தலை முழுகும்போது கை தழும்பில் பட்டது. என்னை எங்கே நிறுத்தினார்கள், நைனா? உன் கால் குழாயோடு சேர்த்துத் தைத்த என் பாதி உன்கூடவே வந்தது, உன்கூடவே வெந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு அந்தக் கரண்டியை நான் வாங்கிக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ருசி பார்க்காமல்தான் உப்புப் போடுவேன்.

சுடுகாடுவரை உன்னோடு வந்த மகள்,
சுகுணா