ஒகஸ்டாவிலிருந்து வரும் உறை

பிப்ரவரி 3, 2016. லேக்லாண்ட், புளோரிடா

என் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து மாதந்தோறும் வரும் தொகையின் விவரச் சீட்டு வந்து சேர்ந்தது. மேய்ன் மாநில வரிப் பிடித்தம்: நாற்பத்தோரு டாலர். நான் மேய்னை விட்டு வந்து மூன்றாண்டுகள் நிறைவுற்றன. இங்கே மாநில வருமான வரியே கிடையாது.

தங்கை ரொலாண்ட் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இன்னுமா அக்கா? அங்க பெய்யுற பனிக்கு நீ இங்க வெயில்ல உக்காந்து வாடகை கட்டுறியா?"

வரிப் பிடித்தப் படிவத்தை மாற்றிவிடுவதாக உறுதியளித்தேன்.

பிப்ரவரி 4

மாற்றவில்லை.

மார்ச் 12

நான் அங்கு வசிக்காததால், பிடித்த வரி முழுவதையும் ஒவ்வொரு வசந்தத்திலும் மேய்னின் தலைநகர் ஒகஸ்டாவிலுள்ள வரி அலுவலகம் உறையில் காசோலையாகத் திருப்பி அனுப்புகிறது. அவ்வுறைக்காகவே காத்திருக்கிறேன் என்பதை இங்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பதினான்கு வயதில் காலணித் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டவள் நான். நூலகத்தில் அமர்ந்து, வரிப் படிவங்களை நானே கற்றேன். என் கணவர் ஆர்மன் உயிரோடிருந்தவரை வேண்டுமென்றே கூடுதலாக வரி பிடிக்கச் சொல்வார். "நம்ம காசுதான் டெல்ஃபீன். ஆனா தபால்ல வந்தா தனி ருசி." திரும்பி வரும் அந்தப் பணத்தில் கடற்கரைக்குச் செல்வோம். ஏப்ரல் மழையில் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பொரித்த மட்டியை இருவரும் உண்போம். காரெல்லாம் வினிகர் மணக்கும்.

மார்ச் 29

கணக்கை நிர்வகிக்கும் நிறுவனம், நான் வசிக்கும் மாநிலத்தை ஏப்ரல் முடிவதற்குள் உறுதிப்படுத்தக் கோருகிறது. தொலைபேசியில் அழைத்தேன்.

"எந்த ஸ்டேட்ல இருக்கீங்க மேடம்? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டறியாத நான், பிறகு அழைப்பதாகக் கூறினேன். புளோரிடா என்பதுதானே உண்மை? அப்புறம் ஏன் வாய் வரல? மேய்ன்ல எங்க வீடு பூட்டியேதான் கெடக்கு. அவர் இல்லாம அதுக்குள்ள போக முடியுமா என்னால—

ஏப்ரல் 16

உறை வந்தது.

"வந்துடுச்சா உன் காதல் கடிதம்?" என்று சிரித்த ரொலாண்ட், உறையை என் கையில் வைத்தாள். பிறகு: "மேய்னுக்கே திரும்பிப் போறதுன்னா போ அக்கா. ஜனவரில போன் பண்ணி குளிருதுன்னு அழுதா மட்டும் எடுக்க மாட்டேன்."

ஏப்ரல் 28

படிவத்தை நிரப்பினேன். வசிக்கும் மாநிலம்: மேய்ன், மே முதல் தேதியிலிருந்து.

ஜூன் 3. லூயிஸ்டன், மேய்ன்

விவரச் சீட்டு வந்தது. மாநில வரி: நாற்பத்தோரு டாலர். இப்போது இங்கேயே வசிப்பதால் முறைப்படி செலுத்த வேண்டிய வரி இது, திரும்பி வராது.

சீட்டைக் கோப்பில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குச் சென்றேன். பழக்கத்தில் இருவர் அளவு மட்டி வாங்கிவிட்டேன். மழை தூறியது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, முழுவதையும் நானே உண்டு முடித்தேன்.