அக்காவின் கறுப்பு வில்லை

என் வில்லைக்கார அக்காவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில் நீ ஆயுசு முழுக்கத் தேடிய காரணத்தை, உன் முதல் வருஷத் திதியன்று, இலை போடுவதற்குள் நான் சொல்லி முடித்துவிட்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனி சூப்பர்வைசருக்கு வாயில் பிரேக் கிடையாது என்பது உனக்குத் தெரியாததா?

உன் படத்தின் முன்னால் நீ கடைசியாகச் சுட்டெடுத்த செம்பு ஆக்சைடு வில்லை இருந்தது. பார்க்க அடுப்புக்கரிதான். "நல்லாக் குளிர வெச்சா, கரன்ட்டு துளிகூட வீணாகாம ஓடும். எலக்ட்ரானுங்க சோடி சேர்ந்துக்கும். அணுங்க அதிர்றதுதான் சேர்த்து வைக்குது" என்று முழங்கினேன்.

உன் மாணவி செல்வி மெதுவாக, "சார், அது ஈயம், பாதரசத்துக்கு. இதுக்கு அந்தக் காரணம் பத்தாது" என்றாள். இதில் பக்கத்துப் பக்கத்துச் செம்பு அணுக்களின் காந்தம் எதிரெதிராக முறைத்துக்கொண்டு நிற்குமாம். அந்த முறைப்பே சோடி சேர்க்கிறது என்று பலர் நினைக்கிறார்களாம். இன்னும் முடிவாகவில்லையாம். நம் வீட்டுக் கல்யாணங்களும் அப்படித்தானே?

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் நம் மாமா விடவில்லை. "அப்போ கல்யாணம்கூட வேணாம்னு இத்தினி வருஷம் இன்னாதான் கண்டுபிடிச்சா?"

உன் மரியாதை என் வாயால் போய்விடுமோ என்று பயந்துபோனேன்.

செல்வி பேரணாம்பட்டு மாட்டாஸ்பத்திரியிலிருந்து வில்லையைக் குளிர வைக்கச் சினை ஊசிக் கேனில் திரவ நைட்ரஜன் வாங்கி வந்திருந்தாள். நீயும் அங்கேதானே கெஞ்சி வாங்குவாய்? வில்லையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள், கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். புகை கலைந்ததும் ஒரு சின்னக் காந்தத்தை வில்லையின் மேலே வைத்தாள்.

மிதந்தது அக்கா. மாமா நடுவில் காகிதத்தை விட்டுப் பார்த்தார். தடுக்கவில்லை.

"நம்ம பொண்ணு செஞ்சதாம்மா?"

"மேடம் சொன்ன பக்குவந்தாங்க."

மாமா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏன் என்று தெரியாத ஒன்றை மிதக்கவிட்டு, "தெரியலைடா, தேடிக்கிட்டிருக்கேன்" என்று சிரிப்பாயே, அந்தத் தைரியம் எனக்கு எப்போது வரும்?

பந்தி முடிந்ததும் செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். காந்தம் மிதந்தது அவள் பையில் கொண்டுவந்த வேறொரு வில்லையின் மேலாம். சமையலறையில் வைத்துப் பார்த்தபோது உன்னுடையதின்மேல் அது அப்படியே உட்கார்ந்துவிட்டதாம்.

"ஈரம் பட்டா வீணாப்போய்டும் சார். யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?"

வெள்ளிதோறும் பன்னீரில் சந்தனம் குழைத்துப் பூசியது நான்தான். இனி பூ மட்டும் வைக்கிறேன், சத்தியமாக.

ஈரக் கையோடு,
உன் தம்பி