நிலவு வண்டிக்கு ஒரு திருட்டுத் தடுப்பு

ஜனவரி 5, 09:10
நிலவின் தென் துருவ நிலையம். பதிபவர்: சு. தில்லைநாயகம், நிலவியலாளர். உடன் இருப்பவர்: பொறியாளர் ஸ்டெல்லா ராஜாமணி. வண்டி: ஒன்று. எல்லாம் நலம்.

சரக்குக் கலத்தில் ஒரு திருட்டுத் தடுப்பு ரிலே வந்திருக்கிறது. அரசு வண்டிகள் அனைத்திலும் பொருத்த வேண்டுமாம். விலக்கு கேட்டோம். நிலவு எந்த மாவட்டத்தில் வருகிறது என்று கேட்டுவிட்டு விலக்குப் பிரிவு அமைதியாகிவிட்டது.

ரகசிய எண்ணை அழுத்தாமல் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. வண்டி திருடப்பட்டதாக ரிலே முடிவு செய்தால் நிலையத்தின் கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும். இது கூடுதல் வசதி. கட்டணம் இல்லை.

ஜனவரி 6, 11:40
பொருத்தினேன். வண்டியை அணைத்தால் தானும் அணையும் கம்பியில் இணைக்கச் சொல்கிறது கையேடு. ஆனால் ஆய்வுக் குழு கேமராவில் பார்க்கும்போது, நிற்கிற வண்டியில் ரிலேயின் சிவப்பு விளக்கு சிமிட்ட வேண்டும் என்றது பூமியின் கட்டுப்பாட்டறை. ஆகவே சிறு பேட்டரியில் நேரடியாக இணைத்தேன். சிமிட்டியது. குழுவுக்குத் திருப்தி.

ஸ்டெல்லா, ரேடியோவில்: "திருடன் எப்படி சார் வருவான், டவுன் பஸ்ஸுலயா?"

ஜனவரி 8, 10:00
ஆய்வு முடிந்தது. இணைப்பைக் கையேட்டின்படி மாற்ற அனுமதி கேட்டேன். கட்டுப்பாட்டறை நல்லசிவம்: "ஓடுற வண்டிய எதுக்கு சார் நோண்டுறீங்க?" எனக்கும் சோம்பல். விட்டுவிட்டேன்.

ஜனவரி 16, 16:05
பள்ளத்தின் விளிம்பு. சில நாட்களாக வண்டியை நிறுத்திவிட்டுக் கூடாரத்தில் தங்கித் துளையிட்டேன். வண்டியின் ஆக்சிஜனையும் கூடாரத்திலேயே செலவழித்தாயிற்று. கிளம்பலாம் என்று வந்தால் வண்டிக்கு உயிரில்லை.

பெரிய பேட்டரி நிறைந்திருக்கிறது. அதை எழுப்ப வேண்டிய சிறு பேட்டரியை அந்த ரிலேயும் விளக்கும் குடித்துவிட்டன. விண்வெளி உடுப்பில் இரவு எட்டு மணி வரைதான் காற்று.

16:50
உடுப்பின் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துச் சிறு பேட்டரியை எழுப்பினேன். உடுப்பின் சூடு போய்விட்டது. ரிலேயும் எழுந்தது, பழைய எண்ணை மறந்திருந்தது. முதன்மை எண் கேட்கிறது. அது துணை இயக்குநர் வரதராசனிடம் மட்டுமே உண்டு.

நல்லசிவம்: "இன்னிக்கு மாட்டுப் பொங்கல் சார். அவரு ஊருக்குப் போயிட்டாரு. கொம்புக்கு பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருப்பாரு, போன எடுக்கல."

17:30
ஸ்டெல்லா: "அந்த ரிலேயப் பிடுங்கிப் போட்டுட்டு ரெண்டு கம்பியையும் சேத்து முறுக்குங்க சார். எங்க ஊர்ல பைக்க அப்படித்தான் தூக்குவாங்க."

எந்த ஊர் என்று கேட்டேன்.

"அதெல்லாம் வந்து பேசிக்கலாம். கெளம்புங்க."

முறுக்கினேன். வண்டி நகர்ந்தது. ரிலே பக்கத்து இருக்கையில் கிடக்கிறது. அதற்கென்று உள்ளே ஒரு சின்ன செல் இருக்கிறது போலும். இன்னும் சிமிட்டுகிறது.

19:20
நிலைய வாசல். கதவின் திரையில்: "திருட்டு வண்டி வந்துள்ளது. கதவு பூட்டப்பட்டது. திறக்க முதன்மை எண் தேவை."

வேறு கதவு கிடையாது. கதவில் கை வைத்தால், உள்ளே ஸ்டெல்லா கடப்பாரையால் நெம்புவது அதிர்கிறது. "பேசாதீங்க சார். காத்து வீணாப் போகும்."

19:48
விரல் மரத்துவிட்டது. அதிர்வு இடைவெளி விட்டு வருகிறது. அவளுக்கும் கை வலிக்கும்.

19:55
வரதராசனிடமிருந்து செய்தி. பேசிப் பதிந்து அனுப்பியிருக்கிறார். திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை.

"தில்லை, இப்பத்தான் போனப் பாத்தேன். வண்டி திருட்டுன்னு அலாரம் வந்திருக்கு. திருடன் நம்ம வாசல்லயே மாட்டிக்கிட்டானாமே? பாத்தியா, வேணாம் வேணாம்னியே. நல்லசிவம் வேற, எண்ணக் கேட்டு பத்து தடவ அடிச்சிருக்கான். யாரு கேட்டாலும் குடுக்கறதா இல்ல. நீ கதவத் திறந்துடாத. பத்திரமா உள்ளயே இரு."