அடுப்படி டிவியில் இவர்

7 ஜூலை 2003

கடுகு தாளிக்கப் போனேன். இவர் பின்னாலேயே வந்து நின்று, எண்ணெய் இன்னும் காயவில்லை என்கிறார். இத்தனை வருஷம் என் கையால் சாப்பிட்ட மனுஷனுக்கு இன்றைக்குத்தான் எண்ணெய் காய்வது தெரிகிறது!

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இதே கூத்துதான். டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார். பார்க்க ஸ்கூல் பிரேயர் மாதிரி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சர்க்கரை என்று நினைத்து காபியில் ரவையைப் போட்டேன்.

எல்லாம் பின்கட்டுத் தகரக் கொட்டகையைப் பூட்டி வைத்ததால்தான். கோலாரில் தங்க மைன்ஸ் மூடி, நாங்கள் பெங்களூர் லிங்கராஜபுரம் வந்ததிலிருந்து அந்தக் கொட்டகையும் மர வேலையும்தான் இவருக்கு, என் சாமுவேலுக்கு, உலகம். மே மாதம் அங்கேதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ரம்ப மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேக்குதே, ஆளு நல்லாத்தான் இருக்காருன்னு நான் இங்க உக்காந்து கீரை ஆஞ்சிக்கிட்டு இருந்தேன்.

13 ஜூலை, ஞாயிறு

மகன் அஷ்வின் வைட்ஃபீல்டிலிருந்து வந்தான். மெஷின்களை விற்றுவிடலாம் என்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யலாம், ஆனால் தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். நாள் பூரா கொட்டகையில் யார் காவல் இருப்பது? எனக்கோ தூசு மூக்கில் ஏறினால் ஒரே தும்மல்.

இவர் பேப்பரை எடுத்துக்கொண்டு போய், பூட்டின கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

நகைக்கடையில் மாட்டுகிறார்களே, அந்த மாதிரி ஒரு கேமரா வாங்கி மாட்டுடா என்றேன். சும்மா வாயில் வந்ததுதான். அஷ்வின் சிரித்தான். அப்புறம் யோசித்தான்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பார்க்கலாம் மம்மி. சரிவரலைன்னா வித்துடணும், சரியா?"

20 ஜூலை

எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையிலிருந்து குட்டிக் கேமரா வந்துவிட்டது. கொட்டகை மூலையில் அது. அதிலிருந்து ஒயர் இழுத்து, அடுப்படி அலமாரியில் நம் பழைய போர்ட்டபிள் டிவி. கறுப்பு வெள்ளைதான், போதும்.

கரண்ட் மணி மட்டும் இவர் வேலை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று; இங்கே அமுக்கினால் அங்கே அடிக்கும், அங்கே அமுக்கினால் இங்கே. மைன்ஸில் ஆட்களைக் குழிக்குள் இறக்கி ஏற்றுகிற கேஜ் இன்ஜின் ஓட்டினவராச்சே, மணிக் கணக்கு இல்லாமல் இவருக்கு ஒன்றும் ஓடாது. ஒரு தடவை அடித்தால் நிறுத்து. ரெண்டு தடவை என்றால் சாப்பிட வா. மூன்று தடவை, நல்லா இருக்கேன். இதெல்லாம் தன் மண்டையில் நிற்காது என்று அஷ்வின் கிளம்பிவிட்டான்.

23 ஜூலை

சீரியல் எல்லாம் விட்டேன். இவரைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது. மரத்தோடு பேசுகிறார். ஸ்கேலால் முதுகு சொறிகிறார். ஆனால் மெஷின் போடுவதற்கு முன்னால் சீப்பை எடுத்து, கேமராவைப் பார்த்துத் தலை வாரிக்கொள்கிறார்! யாருக்காகவாம்?

எனக்காகத்தான். வேறு யார் பார்க்கிறார்கள்?

26 ஜூலை

தூசு. ரம்பம் கொஞ்ச நேரம் ஓடினால் போதும், படம் மோர் மாதிரி ஆகிவிடுகிறது. உள்ளே ஏதோ அசைகிறது. இவரா, மாட்டி வைத்த சட்டையா தெரியவில்லை. போய்த் துடைப்பேன், தும்முவேன், வருவேன். மறுபடி மோர்.

2 ஆகஸ்ட்

மூளை வேண்டும் என்பது இதற்குத்தான். நம் வீட்டில் மிக்ஸிக்கு உறை உண்டு, ஃபிரிட்ஜுக்கு உண்டு, டெலிபோனுக்குக்கூட உண்டு. கேமராவுக்கு மட்டும் ஏன் இல்லை? பிளாஸ்டிக் பை ஒன்று, அதற்கு மேலே பூப்போட்ட துணி, சுற்றி எலாஸ்டிக். கண்ணுக்கு மட்டும் ஓட்டை. பார்க்க அவ்வளவு லட்சணம்.

5 ஆகஸ்ட்

கேமரா செத்துப்போச்சு.

அஷ்வின் கழற்றிப் பார்த்தான். சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வெந்திருக்கிறது. போதாததற்கு அந்த ஓட்டை வழியாகச் சலித்த கடலைமாவு மாதிரி மரத்தூள் வேறு. இட்லி அவிக்கிற மாதிரி கேமராவை அவித்துவிட்டாய் நோரா என்று இவர் சிரித்த சிரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது. சிரிப்புதான், வேறில்லை.

அஷ்வின் சிரிக்கவில்லை. அத்திபெலேயில் கோவிந்தப்பா என்று ஒரு ஃபர்னிச்சர்காரரிடம் மெஷின்களை விற்கப் பேசி வைத்திருக்கிறானாம்.

11 ஆகஸ்ட்

சிவாஜிநகரிலிருந்து பஸ்ஸில் முன் சீட்டில் வந்தேன். வழி பூரா புழுதி. டிரைவர் உள்ளே ஹாயாக உட்கார்ந்திருக்கிறார், புழுதியெல்லாம் கண்ணாடியில். துடைத்தால் தீர்ந்தது.

அட! கேமரா எதற்கு உள்ளே இருக்கணும்?

17 ஆகஸ்ட்

புதுக் கேமரா ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே, கண்ணாடி வழியாகக் கொட்டகையைப் பார்க்கிறது. உறையும் கிடையாது ஒன்றும் கிடையாது. கண்ணாடியின் உள்பக்கத்துக்கு இவர் மரத்தில் ஒரு வைப்பர் செய்து, சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டி, கயிறு கட்டியிருக்கிறார். தூசு படிந்தால் கயிற்றை இழுக்கிறார். மோருக்கு நடுவிலிருந்து பளிச்சென்று முகம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கையை வேறு ஆட்டுகிறார்.

நானும் ஆட்டுகிறேன். இவருக்குத் தெரியாது என்று தெரிந்தும்.

3 செப்டம்பர்

கால் கழுவிட்டு வந்து எழுதறேன்.

மெஷின் சத்தம் கேக்குது. கண்ணாடி பளிச்சுனு இருக்கு. படத்துல ஆளில்லை. ஒரு தடவை மணி அடிச்சேன். பதில் இல்லை. மறுபடி அடிச்சேன். மறுபடி. மெஷின் மட்டும் ஓடுது. மே மாசம் ஓடின மாதிரியே.

செருப்புகூடப் போடாம ஓடினேன். மெஷினுக்குப் பின்னாடி தரையில குப்புறக் கிடக்கார். கத்தினேன். தலையைத் தூக்கி, என்னடி என்கிறார். பென்சில் உருண்டு போச்சாம், அதை எடுக்கப் படுத்தாராம். மணி ஏன் கேக்கலை? மணிக்குள்ள மரத்தூள் அடைச்சிருக்கு, அடிச்சா எப்படிக் கேக்கும்?

மெஷினை நிறுத்திட்டுத் தேடினா என்ன கேடுன்னு வாயில வந்தபடி திட்டினேன். சட்டையில ஒட்டின தூளைத் தட்டினார். அப்புறம் சொன்னார்:

"சத்தம் நின்னா நீ பயப்படுவே நோரா. அதான் ஓடவிட்டேன்."

உள்ளே வந்து அஷ்வினுக்குப் போன் போட்டு, வித்துடுடா என்றேன். இன்னொரு தடவை அந்தக் காலிப் படத்தைப் பார்க்க என்னால் முடியாது. இவரிடமும் சொன்னேன். சரி என்றார். அவ்வளவுதான், சரி.

12 செப்டம்பர்

நாளைக்குக் கோவிந்தப்பா வருகிறார். சாப்பாடு அப்படியே இருக்கிறது. கடுகைப் பற்றி இவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசினால் தேவலை.

13 செப்டம்பர்

காலையிலேயே கொட்டகைக்குப் போய்விட்டார். நான் டிவியைப் போட்டேன். வேலை ஒன்றும் செய்யவில்லை. பழைய பல் விளக்குகிற பிரஷ்ஷால் மெஷினின் சந்து பொந்தெல்லாம் தட்டித் தூசு எடுக்கிறார். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற வீட்டில் தலைவாரிப் பூ வைக்கிற மாதிரி. பிறகு மணியைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து மாட்டினார். சீப்பை எடுத்தார், தலை வாரினார். வைப்பர் கயிற்றை இழுத்தார்.

மணி மூன்று தடவை அடித்தது. நல்லா இருக்கேன்.

பொய். முகம்தான் தெரியுதே. நான் என்ன குருடா?

வாசலில் டெம்போ நின்றது. கோவிந்தப்பா நல்ல மனுஷன். காபி கொடுத்தேன், பிறகு மெஷின் கொடுப்பதற்கில்லை என்றேன். மகன்தானே சொன்னார், டெம்போ வாடகை யார் தருவது என்று பாதி கன்னடத்தில் சத்தம் போட்டார். நியாயம்தான். வாடகையைக் கொடுத்து அனுப்பினேன். அஷ்வினுக்குச் சொன்னேன், கிறிஸ்மஸ் வரைக்கும் என்று நீதானேடா சொன்னாய். அவன் கோபமாகப் போனை வைத்தான்.

தனியாக இருக்கக்கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார். டிவியில் பாரு என்றா சொன்னார்? இத்தனை நாள் ஒயர் இழுத்ததற்கு, ஒரு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நான் போய் நின்றிருக்கலாம்.

15 செப்டம்பர்

தும்மல், தும்மல், தும்மல். ஆனாலும் போனேன். உப்புத்தாளைக் கையில் கொடுத்து, ஸ்டூல் காலைத் தேய் என்றார். தேய்த்துக்கொண்டே, ரம்பம் கோணலாகப் போகிறது என்றேன். உனக்கு என்ன தெரியும் என்றார். கடுகு தாளிக்கும்போது உமக்கு என்ன தெரிந்ததோ அதுதான் என்றேன்.

வெகு நாள் கழித்து இவர் சிரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டிவியில் இந்த முன்பல் சந்து தெரிவதே இல்லை.

9 அக்டோபர்

நானே கடைந்த சப்பாத்திக் கட்டை. ஒரு பக்கம் பெருத்து, ஒரு பக்கம் இளைத்து. நன்றாக உருளுகிறது என்று கூசாமல் சொல்கிறார்.

21 டிசம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் நேரே கொட்டகைதான். சர்ச்சுக்குப் பாட்டு நம்பர் மாட்டுகிற பலகை, கிறிஸ்மஸுக்குள் கொடுத்தாகணும். இவர் சட்டம் பிடிக்க, நான் தேய்க்க, ஓரம் இன்னும் சொரசொரப்பு என்று இவர் சொல்ல, கண்ணாடி போட்டுக்கொண்டு பாரும் என்று நான் சொல்ல — மணி அடித்தது.

ரெண்டு தடவை.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். இவர் இங்கே. நானும் இங்கே. அடுப்படியில் யார்?

போய்ப் பார்த்தால் அஷ்வின். ரசத்தைச் சூடு பண்ணி, மூன்று தட்டு வைத்திருக்கிறான். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாய் என்றேன். "ரொம்ப நேரமா மம்மி. சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க, நடுவுல கூப்பிட மனசு வரலை."

கோவிந்தப்பா பேச்சையே அவன் எடுக்கவில்லை. ரசத்தில் உப்பு கம்மி என்றார் இவர். அஷ்வின் எழுந்துபோய் எடுத்து வந்தான்; உயர வரிசையில் கடைசிச் சின்ன டப்பா.

டிவியை யாரும் அணைக்கவில்லை. பாதி தேய்த்த பலகையும் காலிக் கொட்டகையும் அதில் தெரிந்துகொண்டே இருந்தன. நான் பார்த்தேன், பிறகு இவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.