அந்த நிரலை எழுதியவள் நீ

வெள்ளிக்கிழமை ஒரு மாணவியின் விண்ணப்பம் என் திரைக்கு வந்தது. எங்கள் கம்பெனி நேர்காணல் குழுவில் முதல்முறையாக என்னையும் சேர்த்திருக்கிறார்கள். புராஜெக்ட் என்ற தலைப்பின் கீழ் அவள் எழுதியிருந்தாள்: ‘நிரல் என் தோழியுடையது. நான் சோதனையும் அறிக்கையும் மட்டும்.’ பக்கத்தில் இருந்தவர், “இப்படி எழுதினா யாரு வேலை கொடுப்பாங்க?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ ஞாபகம் வந்தாய்.

ஆலங்காயத்தில் பஸ் கிளம்பியதா இல்லையா என்று தெரியாமல் உங்கள் மலைக்கிராமத்து ஜனங்கள் மணிக்கணக்கில் ரோட்டோரம் நிற்பார்கள். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், கண்டக்டர் போனை வைத்து பஸ் எங்கே வருகிறது என்று எஸ்எம்எஸ் வரும்படி நம் கல்லூரி புராஜெக்டுக்கு நீ நிரல் எழுதினாய். இணையம் வேண்டாம், நல்ல போன் வேண்டாம். நான் அறிக்கை தட்டச்சு செய்தேன், பைண்டிங் கடைக்கு அலைந்தேன். “உங்க ஊர்ல டவர் கீது. உனக்கெல்லாம் இந்த யோசன வராதுடி” என்று கிண்டல் செய்வாய். வரவில்லைதான்.

கடைசி வருடம் கல்லூரி மூலம் வந்த வேலைக்கு நேர்காணல் ஆன்லைனில். உங்கள் ஊரில் சிக்னல் நிற்காது என்பதால் எங்கள் வீட்டுக்கு வந்தாய். இருவருக்கும் ஒரே லேப்டாப். எனக்குப் பதினொரு மணி, உனக்குப் பன்னிரண்டு. நான் பேசும்போது நீ திரைக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, கோழி உள்ளே வராதபடி கதவைக் காலால் பிடித்துக்கொண்டிருந்தாய்.

திரையில் தெரிந்த இருவரும், நிரலை எழுதியது யார் என்று கேட்டார்கள். “நான்தான் சார்” என்றேன்.

பயத்தில் வாய் தவறிவிட்டது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். யோசித்துத்தான் சொன்னேன். வழியில் கண்டக்டர் போனுக்குச் சிக்னல் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். கடைசியாகத் தெரிந்த நிறுத்தத்திலிருந்து நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் என்றேன். நீ மூன்று நாள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த வழி. நீ கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பன்னிரண்டு மணிக்கு அதே இருவர், அதே கேள்வி. இப்போது கட்டிலில் நான். நீ உண்மையைச் சொன்னால் என் வேலை போனது. “நிரல் என் தோழி எழுதினது சார். நான் அறிக்கை பார்த்துக்கிட்டேன்” என்று உன் திக்கித் திணறும் ஆங்கிலத்தில் சொன்னாய். அப்படியானால் உங்களுக்கு நிரல் எழுத வராதா என்றார் ஒருவர். “கொஞ்சம் வரும் சார்.” ஆறே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

சாப்பிடும்போது, “இன்னாடி இப்டி சொல்லிட்ட?” என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் வந்தது பார்.

“ரெண்டு பேரும் நான்தான்னு சொன்னா ரெண்டு பேரையும் தூக்கிப் போட்ருவான். ஒருத்தியாவது போ. அந்த அப்பளத்த இப்டி தள்ளு.”

எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும் கல்லூரி வாசலில் என் முகத்தை ஆறடி பேனராக வைத்தார்கள். “மலப் பொண்ணுங்க வாயே தொறக்காதுங்க” என்று வேலைவாய்ப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் வகுப்பில் உன்னைக் காட்டிச் சொன்னார். திறமைக்குத்தான் வேலை என்று மேடைதோறும் முழங்குகிறவரும் அவர்தான். நீ ஒரு ஷூ கம்பெனியில் வருகைப்பதிவு எழுதப் போனாய். ஒன்றரை வருடம். பிறகு மஞ்சள் காமாலை. பெங்களூரிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விண்ணப்பத்தைப் பார்த்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஊருக்கு பஸ் ஏறினேன். உன் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். “வா கண்ணு” என்று முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எப்போதும் சொல்வதைச் சொன்னார். “நீ கெட்டிக்காரி, பொழச்சிக்கின. எங்களுதுக்கு அவ்ளோ தெறம இல்ல. படிக்க வச்சும் வரல.” இதைக் கேட்டுத் தலையாட்டி, காப்பி குடித்துவிட்டு எத்தனையோ முறை திரும்பியிருக்கிறேன்.

இந்த முறை சொன்னேன். “அம்மா, அத எழுதினது அவதான். நான் எழுதினேன்னு பொய் சொல்லி வேல வாங்கினேன். அவ என்னக் காட்டிக் குடுக்கல.”

அவர் முறத்திலிருந்த கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார்.

“அப்ப அவளுக்கு வரும்னு சொல்ற.”

“எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதாம்மா.”

“அவங்கப்பா கொல்லையில கீறாரு. ஷூ கம்பெனிக்குப் போறதுக்கா நீ படிச்சன்னு கடேசி வரிக்கும் அவளத் திட்டினே இருந்தாரு. போய் அவருகிட்டயும் நீயே சொல்லு.”

போய்ச் சொன்னேன். உன் அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “பஸ்ஸு எங்க வருதுன்னு போன்ல வருமே, அதுவா? எங்கிட்ட ஒரு நாள் காட்டினா. நீ பண்ணதுன்னு இல்ல சொன்னா?”

வீட்டிலும் நீ அப்படித்தான் சொல்லியிருக்கிறாய்.

“எம் பொண்ணா?” என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றேன். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் மலையேறினேன். இறங்கவில்லை. அது இனி என்னோடுதான்.

அவர் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு, உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார். அம்மாவுக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. பின்னாலேயே நடந்தேன்.