சாணைக்கூடம் எந்த ஊர்?

7 மார்ச் 1989, செவ்வாய்

ஹார்க்லி வரலாற்றுக் கழகத்தின் கூட்டம். ஆறு பேர், ஒரு நாய். நாய் மட்டும்தான் கடைசிவரை விழித்திருந்தது.

ஓடைக்கரையில் இடிந்து நிற்கும் சாணைக்கூடத்தைத் தரைமட்டமாக்கி, குளத்தையும் தூர்த்து, கார் நிறுத்துமிடம் கட்டப்போகிறார்களாம். ஒரு காலத்தில் பேர்போன ஷெஃபீல்டு கத்திகளுக்கெல்லாம் அங்கேதான் சாணை பிடித்துக் கூர் ஏற்றினார்கள். காப்பாற்ற வேண்டுமானால் நகராட்சிக்கு மனு கொடுக்க வேண்டும். அது எந்த ஊரைச் சேர்ந்தது என்றும் சொல்ல வேண்டும்.

இதில் என்ன சந்தேகம்? ஹார்க்லிதான். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரான நெதர்ஷாவுக்கு மட்டும் சந்தேகம். அவர்கள் கழகத்தின் செயலாளர் யார்? என் சொந்த அக்கா நோரீன். கல்யாணமாகி ஓடையைத் தாண்டிப் போனாள். போன நாளிலிருந்து இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாமே அவளுக்கு மட்டம்.

12 மார்ச், ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. இறைச்சியை வெட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“உங்க ஊர்ல வரலாறுன்னு என்னடி இருக்கு? ஒரு பீர்க்கடை, ரெண்டு மாடு.”

“அதுல ஒரு மாட்டைத்தானே உங்க ஊருக்குக் கட்டிக் குடுத்தோம்” என்றேன்.

கிளிஃபர்ட் அத்தானுக்குச் சிரிப்பில் புரையேறி, மேஜைவிரிப்பெல்லாம் குழம்பு. அக்கா சிரிக்கவில்லை. சாப்பிட்ட பிறகு இனிப்பு வரவும் இல்லை.

திரும்பும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் வில்ஃப் புலம்பினார். “ஆப்பிள் பை இருந்துச்சு ஏவிஸ். அடுப்புல நான் பார்த்தேன். அதைத் தின்னுட்டு சண்டை போட்டிருக்கக் கூடாதா?”

28 மார்ச்

நெதர்ஷாவும் தனியாக மனு போட்டுவிட்டது. எங்கள் மனுவில் உள்ளது அத்தனையும் கட்டுக்கதை என்று அதில் ஒரு பத்தியாம். கீழே கையெழுத்து யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

14 ஏப்ரல், வெள்ளி

நகராட்சியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். சளி பிடித்த குரல்.

“ஒரு மனு இன்னொண்ணைப் பொய்ங்குது மேடம். நாங்க எதை நம்புறது? ரெண்டு ஊரும் சேர்ந்து ஒரே மனுவா குடுங்க. இல்லேன்னா ரெண்டையும் தள்ளிடுவோம்.”

அக்காகிட்ட நான் போய் நிக்கணுமா? மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

— கட்டடம் போயிடுமே?

22 ஏப்ரல், சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும். கை இன்னும் காந்துகிறது.

எல்லையை நானே அளந்துவிடலாம் என்று சாணைக்கூடத்துக்குப் போனேன். அங்கே அக்கா! கையில் அளவு நாடா.

“இங்க உனக்கு என்னடி வேலை?”

“என் ஊர்ல நான் நிக்கிறேன். நீ ஏன் எல்லை தாண்டி வந்தே?”

“எது எல்லை? காட்டு பார்ப்போம்!” என்று வீராப்பாகப் பின்னால் ஓர் எட்டு வைத்தாள். தொட்டாலே காந்தும் செந்தட்டிப் புதருக்குள் போய்ச் சேற்றில் ‘சொத்’தென்று உட்கார்ந்துவிட்டாள். நான் சிரித்தேன், மறைக்க மாட்டேன். அப்புறம் தூக்கப் போய் நானும் வழுக்கி அவள் மேலேயே விழுந்தேன்.

“எருமை! எந்திரிடி!” என்று கத்தியவள், எழுந்திருக்கப் பிடிமானம் தேடிச் செடிகளுக்குள் கையை விட்டாள். வட்டமான கல் ஒன்று தட்டுப்பட்டது. தேய்ந்துபோன சாணைக்கல்.

“எழுத்து இருக்குடி ஏவிஸ்.”

கழுத்திலிருந்த பட்டுத் துணியை அவிழ்த்து, அதாலேயே துடைத்தாள். உளியால் கோணல்மாணலாகக் கொத்தியிருந்தது:

ஜோசையா மார்ப்பிள்ஸ். சாணைக்காரன். வயது 31. எங்களவன் இல்லை என்றது ஹார்க்லி. எங்களவன் இல்லை என்றது நெதர்ஷா. எங்களவன்தான். இப்படிக்கு, கூட உழைத்தவர்கள்.

சாணைத் தூசி நெஞ்சை அரித்து அந்தக் காலத்தில் சாணைக்காரர்கள் சின்ன வயதிலேயே செத்துப்போவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர் ஆள் என்று ஒப்புக்கொண்டால், விட்டுப்போன குடும்பத்துக்கு அந்த ஊர்தான் சோறு போட வேண்டும். அதனால்தான் இரண்டு ஊரும் கையை விரித்திருக்கின்றன. அவன் பெண்டாட்டி குழந்தைகளோடு எங்கே போனாளோ?

அக்கா சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள். “ரெண்டு ஊருக்கும் வேண்டாதவன்டி. இப்ப நாம வந்து எனக்கு, உனக்குன்னு...”

அவளுக்கு நான் கை கொடுத்தேனா, எனக்கு அவளா, நினைவில்லை.

2 மே, செவ்வாய்

இரண்டு கழகங்களும் முதல்முறையாக ஒரே அறையில். நாய்க்கே ஆச்சரியம். கல்லில் உள்ளதை அப்படியே நானும் அக்காவும் எழுதிய கூட்டு மனுவில் சேர்த்திருந்தோம். எங்கள் தலைவர் ஹெடலிக்குப் பிடிக்கவில்லை.

“பேரும் வயசும் போதும்மா. மீதி எதுக்கு? நம்ம ஊர் மானத்தை நாமே வாங்குறதா?”

நான் வாயைத் திறக்குமுன் அக்கா எழுந்துவிட்டாள். “இவ்வளவு நாள் இது எங்க இடம்னு சண்டை போட்டோமே, ஹெடலி. எங்க இடம்னா இதுவும் எங்களுதுதான். கையெழுத்துப் போடுங்க.”

ஹெடலி பேனாவைத் தேடினார். என் பேனாவைக் கொடுத்தேன்.

என் அக்கா. எங்கள் ஊரில் பிறந்தவள்.

26 மே

மனு ஏற்கப்பட்டது! கார்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

18 ஜூன், ஞாயிறு

ஜோசையாவைச் சுற்றி முளைக்கும் செந்தட்டியை இரண்டு ஊரும் வாரம் மாற்றி வெட்டுவதென்று ஏற்பாடு; இந்த வாரம் ஹார்க்லி முறை. போய்ப் பார்த்தால் சுத்தமாக வெட்டி, கல்லின் மேல் ஒரு கொத்து ரோஜாவும் வைத்தாயிற்று. குளக்கரையில் அக்கா, ஒன்றும் தெரியாதவள் போலத் தேநீர் குடித்துக்கொண்டு.

“இது எங்க முறை, அக்கா!”

“நீங்க வர்ற வரைக்கும் அவன் புதருக்குள்ளேயே கிடக்கணுமா? உங்காளுங்க எல்லாம் சோம்பேறிங்கடி.”

“அடுத்த வாரம் உங்க முறைக்கு வந்து பாரு!”

“வருவேன். என்னடி பண்ணுவே?”

அவள் குடுவையிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமையே, அவள் எழுந்திருக்குமுன் போய்விட வேண்டும். வில்ஃப் கொல்லையில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.