கட்டை மறைத்த இடம்

காதிஸ்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள பால்மா,

அப்பா மொண்டேவீடியோவில் என்றைக்கு வந்து இறங்குவார் என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. போன வாரம் கேட்டிருந்தால் தேதியோடு நேரத்தையும் சொல்லியிருப்பேன், இப்போது சொல்ல முடியாது, வருவாரா என்பதே நிச்சயமில்லை. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் கோன்சாலோவும் வயிற்றில் இருப்பவளும் அப்படியே இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேக்குதா கேக்குதா என்று கத்துவார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. இப்போது தன் திருவிழாப் பாட்டுக் குழுவினரோடு கடற்கரைப் பக்கம் போயிருக்கிறார். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார், அதிலிருந்தே உனக்கு ஏதோ புரிந்திருக்கும்.

அப்பா ஏறவேண்டிய கப்பல் நான் வேலை பார்க்கும் பழுதுபார்ப்புத் தளத்தில்தான் இருக்கிறது, அது உனக்குத் தெரியும். குளிர்காலத்துக்கு அந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் புதுப்பித்துக்கொள்ள வந்தது. மேலே அறைகளையெல்லாம் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், பழைய கம்பளத்தைச் சுருட்டி இறக்குகிறவர்களும் புதுக் கட்டிலைத் தூக்கி ஏறுகிறவர்களும் ஒரே படியில் முட்டிக்கொண்டு ஆளுக்கொரு மொழியில் திட்டிக்கொள்கிறார்கள். கீழே, தண்ணீரை வடித்துவிட்ட துறையில், கப்பலின் வயிற்றுக்கு அடியில் பெயின்ட் அடிப்பவர்களும் அதைச் சரிபார்க்கும் நானும் மட்டும்தான். கப்பல் வரிசை வரிசையான கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும், கட்டை இருக்கும் இடத்தில் பெயின்ட் அடிக்க வழியில்லை. அதனால் அடுத்த முறை துறைக்கு வரும்போது கட்டைகளைக் கொஞ்சம் தள்ளி அடுக்குவோம், போன முறை மறைந்திருந்த சதுரங்கள் இந்த முறை வெளியே தெரியும், அவற்றைச் சுரண்டி அடிப்போம். வியாழக்கிழமை அந்தச் சதுரங்களைத்தான் தேடிக்கொண்டு நடந்தேன். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இவ்வளவு சுத்தமான அடிப்பாகத்தை நான் பார்த்ததில்லை. முனைவரை போய்த் திரும்பும்போதுதான் உறைத்தது. சதுரங்கள் இல்லாமல் போகவில்லை, மறுபடியும் அதே கட்டைகளுக்கு அடியில் போய்விட்டன. அவசரத்தில் போன முறை வரைபடத்தையே எடுத்து அடுக்கியிருக்கிறார்கள்.

சரிசெய்ய வேண்டுமென்றால் துறையில் தண்ணீர் விட்டுக் கப்பலை மிதக்க வைத்து, கட்டைகளை மாற்றி, மறுபடி உட்கார வைத்து, வடித்து, காய வைத்து அடிக்க வேண்டும். நாலு நாள் போய்விடும். கப்பல் கிளம்ப ஒரு வாரம்கூட இல்லை. கட்டை அடுக்கியது குர்ரோவின் ஆட்கள், நம் தெருவின் கோடியில் இருக்கிறாரே அந்தக் குர்ரோதான். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு, "எம்மா நூரியா, உன் புருஷன் போற கப்பல் இது. நீ பாக்கல, நான் கேக்கல. அடுத்த தடவை வரும்போது தள்ளி வச்சுக்கலாம், கப்பல் எங்க ஓடிடப் போகுது?" என்றார். கப்பல் கம்பெனியின் ஆள் ஹால்வார்ட், நார்வேக்காரர், அதட்டத் தெரியாத மனுஷர், அவர் குர்ரோ மாதிரி விட்டுவிடு என்றுகூடச் சொல்லவில்லை. "நீங்க எழுத்துல குடுத்துட்டா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். அதுக்கு முன்னாடி ஒரு காபி குடிப்போமா?" என்று மட்டும் கேட்டார். குடித்தோம். மகளுக்குப் பிரசவம் எப்போது என்று விசாரித்தார், சொன்னேன். பிறகு போய் எழுதிக் கொடுத்தேன்.

என்னைப் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. கப்பல் முழுகிவிடும் என்று நான் எழுதவில்லை, நம்பவும் இல்லை. இத்தனை வருஷம் பெயின்ட் படாமல் உப்புத் தண்ணீரில் கிடந்த இரும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, பார்த்தால்தான் தெரியும், அதை மட்டும்தான் எழுதினேன். உன் அப்பா ஏறுகிற கப்பல் என்பதால் கூடுதலாகப் பயந்தேனா, வேறு யாராவது ஏறுவதாக இருந்தால் அந்தக் காபியோடு விட்டிருப்பேனா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். என் பதில் எதையும் என்னாலேயே நம்ப முடியவில்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் நாளைக்கு முடிவு சொல்லும். ஒன்று, தாமதமாகக் கிளம்பும். இல்லையென்றால் இந்தப் பயணத்தையே ரத்து செய்துவிட்டுக் கப்பலை வேறெங்காவது அனுப்புவார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பக்கம் வரும் அடுத்த கப்பல் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான், அதற்குள் உன் மகள் பால் குடித்துத் தூங்கப் பழகியிருப்பாள்.

அப்பாவிடம் வீட்டுக்கு வந்து நிதானமாகச் சொல்லலாம் என்றிருந்தேன். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவரிடம் இந்த ஊரில் எதை முதலில் போய்ச் சொல்ல முடியும்? குர்ரோவின் மைத்துனர் நேற்று முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டே, "அண்ணே, உன் வீட்டுக்காரி எங்களுக்கு நாலு நாள் கூலி வாங்கிக் குடுத்துட்டா, உன்னைத்தான் கரையில கட்டிப்போட்டுட்டா" என்றிருக்கிறார். பெஞ்சில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "நல்லதாப் போச்சு, இல்லேன்னா மார்ச் வரைக்கும் ஹசிந்தோ கத்திரிக்கு எவன் காதைக் குடுக்கறது?" என்று ஒருவர். பிப்ரவரித் திருவிழாவுக்கு இதை வைத்தே பாட்டுக் கட்டுகிறோம், கட்டையையும் பொண்டாட்டியையும் சேர்த்து என்று இன்னொருவர். மார்ச்சில் அப்பா திரும்பும்வரை கடையைப் பார்த்துக்கொள்ள ஹசிந்தோ சித்தப்பாதான் வந்திருக்கிறார், அவர் காதில் விழாத மாதிரி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாராம். அப்பா சவரத்தை முடித்து அனுப்பினாராம். மைத்துனரை இன்று காலை ரொட்டிக் கடையில் பார்த்தேன், ஒரு பக்கக் கிருதா மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் இருக்கிறது.

நேற்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா மீனைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு, "வேற யாராவது பாத்திருக்கக் கூடாதா?" என்றார். வேறு யாரும் அங்கே தேடவில்லை என்றேன். "நீயும்தான் ஒரு நாள் தேடாம இரேன்," என்றார். எழுந்து தட்டைக் கழுவப் போனவர் அங்கிருந்தே, "தாத்தா எங்கன்னு குழந்தை கேட்டா, பெயின்ட் காயுது, காஞ்சதும் வருவார்னு சொல்லச் சொல்லு" என்றார். சிரித்துவிட்டேன். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். விமானத்தில் போனால் ஒரே ராத்திரிதானே என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், மாட்ரிட் விமான நிலையத்தில் வாசலோடு திரும்பி ரயிலில் வந்தாரே, அன்றைக்குப் பார்த்த முகம் ஞாபகம் வந்தது. படுக்கை அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, உனக்காக வாங்கிய உலர்த்திய சூரை மீன் பொட்டலத்தை எடுத்துப் பார்த்து மறுபடி உள்ளே வைத்தார். பெட்டியைப் பிரிக்கவில்லை.

மற்றபடி இங்கே கிழக்குக் காற்று மூன்று நாளாக அடிக்கிறது, எல்லோருக்கும் தலைவலி. குளியலறைச் சுவரில் மறுபடி ஈரம் கசிகிறது, வீட்டுக்காரர் வழக்கம்போல அடுத்த வாரம் என்கிறார். உன் பழைய தொட்டிலை ஹெரேஸில் இருக்கும் உன் அத்தை கேட்டாள், கொடுத்துவிட்டேன், உனக்கு அனுப்புகிற செலவில் அங்கே புதிதே வாங்கலாம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே, ஆரஞ்சுச் சாற்றோடு போடு. கோன்சாலோவின் அம்மா சொல்கிற கஷாயத்தை எல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள், குடிப்பதற்கு முன் மருத்துவரைக் கேள். தண்ணீர் கேனை நீ தூக்காதே.

நீயும் குழந்தையும் எந்தக் குறையுமில்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து சுகமாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். ஒன்றை மட்டும் மறக்காதே: எந்த முடிவு வந்தாலும் அப்பாவை விமானத்தில் வரச் சொல்லாதே, விளையாட்டுக்குக்கூட. நீ சொன்னால் ஏறிவிடுவார், அதுதான் பயம்.

அன்புடன்
அம்மா
நூரியா

திங்கள் மாலை

நேற்று இதை அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று காலை துறையில் தண்ணீர் விட்டார்கள், மதியத்துக்குள் கப்பல் மிதந்து நகர்ந்துவிட்டது, சதுரங்கள் எப்படி இருக்கின்றன என்பது நாளைக்கு வடிந்த பிறகுதான் தெரியும். கம்பெனி பயணத்தை ரத்து செய்யவில்லை. நாலு நாள் தாமதமாகக் கிளம்பும், மதெய்ரா, ரெசிஃபே, ரியோ எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக மொண்டேவீடியோ. சொன்ன தேதிக்கு ஒரு நாள் பிந்தி வரும், உன் மகள் அவசரப்படாமல் இருந்தால் சரி. கப்பல் சீட்டு விற்கும் முகவர் அலுவலகத்தில் வரிசை தெருவரைக்கும் நின்றதாம், ஊர் பார்க்கத்தானே காசு கட்டினோம், வெறும் தண்ணீரைப் பார்க்கவா என்று எல்லோரும் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கத்தியிருக்கிறார்கள். அப்பாவும் அந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, தன் முறை வந்ததும் சீட்டை நீட்டி, "வழியில எங்கயும் நிக்காதுல்ல? எவனாவது ரியோவைப் பாக்கணும்னு அழுதாக்கூட?" என்று கேட்டாராம். "நிக்காதுங்க, அதுக்குத்தான் இவங்க எல்லாம் கத்துறாங்க" என்றாளாம் சீட்டுப் பார்க்கிற பெண். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு கடையைத் திறக்கப் போனார்.